பெரியப்பாவின் பழைய சி புரோகிராம்: சோர்ஸ் இருக்கிறது, ஓட மாட்டேன் என்கிறது

லயத்துப்பையன் · வெள்ளி இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்துவிட்டு பொலிடெக்னிக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன், அதுவரை அப்பாவோடு காலையில் ரப்பர் பால்மரக் காட்டுக்குப் போய் வருகிறேன்.

விஷயம் இதுதான். என் பெரியப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, இருந்தவர். தோட்டத்தை விற்று எல்லோரையும் வெளியே அனுப்பிய பிறகு, அப்பாவுக்கும் இன்னும் சில சிறு தோட்டக்காரர்களுக்கும் அவர்தான் கணக்குப் பார்த்தார். யார் எத்தனை கிலோ கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) போட்டார்கள், டிஆர்சி (அதில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம்) எவ்வளவு, அன்றைக்கு என்ன விலை, எல்லாம். இதற்காக 1996இல் அவரே டர்போ சியில் ஒரு புரோகிராம் எழுதினார். போன வருஷம் அவர் தவறிவிட்டார். அவருடைய பழைய கணினியும் இப்போது உயிரோடு இல்லை. பெரியம்மா கொடுத்த பென்டிரைவில் நான்கு கோப்புகள் இருக்கின்றன: பால் டாட் எக்ஸ்இ, பால் டாட் சி, உதவி டாட் சி, கணக்குப் பதிவுகள் இருக்கும் ரெகோட் டாட் டாட்.

எக்ஸ்இயை அழுத்தினால் இந்தச் செயலி உங்கள் கணினியில் ஓடாது என்று விண்டோஸ் சொல்கிறது. என் மடிக்கணினி 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. சோர்ஸ், அதாவது அவர் எழுதிய மூல நிரல், இருந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று நண்பன் சொன்னான், ஆனால் எப்படி என்று அவனுக்கும் தெரியவில்லை. நான் கருப்புத் திரையைத் திறந்ததே இல்லை. பழைய கணக்கை எல்லாம் எக்செல்லில் பார்க்கும்படி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

செம்பனைக்காடு · வெள்ளி இரவு 9:58

டாஸ்பாக்ஸ் போடு. அரை மணி நேர வேலை. கம்பைல் கிம்பைல் எல்லாம் எதற்கு.

பழைய_டர்போ · வெள்ளி இரவு 10:15

தம்பி, முதலில் உன் பெரியப்பாவுக்கு ஒரு வணக்கம். 1996இல் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து சி எழுதியவர் என்றால் சாதாரண ஆள் இல்லை.

ஏன் ஓடவில்லை என்றால், டர்போ சி கொடுக்கும் எக்ஸ்இ 16 பிட் டாஸ் புரோகிராம். 32 பிட் விண்டோஸ் அதை எப்படியோ சமாளித்து ஓட்டியது, பழைய எக்ஸ்பி கணினிகளில் இவை ஓடியதும் அதனால்தான். 64 பிட் விண்டோஸில் அந்த ஏற்பாடே கிடையாது. கோப்பு கெட்டுப்போகவில்லை, கவலைப்படாதே. டாஸ்பாக்ஸ் என்பது ஒரு பொய்க் கணினி, அதற்குள் ஓடும். முதலில் அதைச் செய்து பார், செம்பனை சொல்வது தப்பில்லை.

ஒரே ஒரு காரியம், பென்டிரைவில் இருப்பதை அப்படியே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வை. இப்போதே. பதில் எழுதுவதற்கு முன்னால்.

லயத்துப்பையன் · சனி மதியம் 1:20

நகல் எடுத்துவிட்டேன் ஐயா. டாஸ்பாக்ஸில் ஓடுகிறது! பச்சை எழுத்தில் மெனு வந்தது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் ஒரு தேதி கொடுத்தால் ஒரு நாள் கணக்குதான் காட்டுகிறது. மொத்தமாக எடுக்க மெனுவில் எதுவும் இல்லை. "அச்சடி" என்று ஒன்று இருக்கிறது, அதை அழுத்தினால் தொங்கிவிடுகிறது. அந்தக் காலத்து ஊசிப் பிரிண்டருக்கு அனுப்புகிறது போல. பத்து வருஷத்துக்கு மேல் கணக்கு, ஒவ்வொரு நாளாகப் பார்த்து எழுத முடியாது.

கிராணி_மகள் · சனி மதியம் 2:45

அப்படியானால் கம்பைல் பண்ணத்தான் வேண்டும், அதாவது சோர்ஸிலிருந்து ஓடக்கூடிய புரோகிராமைத் திரும்பக் கட்ட வேண்டும். சோர்ஸ் கையில் இருப்பதால் நீயே "எல்லாவற்றையும் கொட்டு" என்று பத்து வரி சேர்த்துக்கொள்ளலாம்.

நானும் அந்தப் பக்கத்துப் பெண்தான், இப்போது பினாங்கில் வேலை. உன் பெரியப்பா மாதிரியே என் அப்பாவும் கிராணி, ஆனால் அவர் கடைசிவரை கால்குலேட்டரைக்கூட நம்பவில்லை.

இந்தக் குழுவில் தமிழ் எழுத்து மட்டும்தான் என்பது விதி, அதனால் கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன், நீ ஆங்கிலத்தில் தட்டிக்கொள். விண்டோஸிலேயே டபிள்யூஎஸ்எல் என்று ஒன்று இருக்கிறது, விண்டோஸுக்குள் லினக்ஸ். பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து, டபிள்யூஎஸ்எல், இடைவெளி, இரண்டு கோடு இன்ஸ்டால். உபுண்டு இறங்கும். கணினியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அதற்குள் போய் முதலில் சூடோ ஆப்ட் அப்டேட், பிறகு சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல். இந்த ஒரு பெயருக்குள் ஜிசிசி என்ற சி கம்பைலர், மேக், சி நூலகத்தின் ஹெடர் கோப்புகள் எல்லாம் மொத்தமாக வந்துவிடும். ஜிசிசியை மட்டும் தனியாகப் போட்டுவிட்டு எஸ்டிடிஐஓ டாட் எச் காணவில்லை என்று அழுகிறவர்கள் வருஷத்துக்கு நாலு பேர் இங்கே வருவார்கள்.

பென்டிரைவ் லினக்ஸுக்குள் தானாகத் தெரியாது. முதலில் சி டிரைவில் ஒரு கோப்புறைக்கு நகல் எடு, அது ஸ்லாஷ் எம்என்டி ஸ்லாஷ் சி என்ற இடத்தில் தெரியும், அங்கிருந்து உன் வீட்டு அடைவுக்குக் கொண்டுவா.

செம்பனைக்காடு · சனி மதியம் 3:02

பையனை ஏன் இவ்வளவு சுற்ற விடுகிறீர்கள் அக்கா? கோட்பிளாக்ஸ் இறக்கினால் கம்பைலரும் சேர்ந்தே வரும், எஃப்9 அழுத்தினால் முடிந்தது.

கிராணி_மகள் · சனி மதியம் 3:10

எஃப்9 அழுத்தி முடியாமல் போனால் அதற்கப்புறம் எதை அழுத்துவது? அந்தப் பொத்தானுக்குப் பின்னாலும் இதே ஜிசிசிதான் ஓடுகிறது. இது 1996இல் எழுதிய நிரல், முதல் தடவையிலேயே போகாது என்று நான் எழுதியே தருகிறேன். எந்த இடத்தில் விழுந்தது என்று தெரிய வேண்டுமானால் கட்டளை வரிதான் வசதி.

பழைய_டர்போ · சனி மதியம் 3:31

டர்போ சியும் ஜிசிசியும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள் என்பது தெரியுமா? இரண்டும் 1987. போர்லாண்ட் டர்போ சியைக் காசுக்கு விற்றது, ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசியைச் சோர்ஸோடு சும்மா கொடுத்தார். ஒன்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, இன்னொன்று உன் லேப்டாப்பில் ஏறப்போகிறது. அந்த நீலத் திரையை எனக்கு இன்னும் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

லயத்துப்பையன் · சனி இரவு 8:50

சாயங்காலம் இடி. அம்மா மோடத்தைப் பிடுங்கிவிட்டார், அதனால்தான் தாமதம். கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டில் மிச்சத்தை இறக்கினேன்.

ஜிசிசி என்று தட்டி கோப்பின் பெயரைக் கொடுத்தேன். கானியோ டாட் எச், அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை, கம்பைலேஷன் நின்றுவிட்டது என்கிறது. இணையத்தில் தேடினால் கானியோவை எங்கிருந்தோ இறக்கிப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

கிராணி_மகள் · சனி இரவு 9:15

போடாதே. கானியோ டாஸுக்கு உரியது, சி மொழியில் சேர்ந்ததே இல்லை. திரையைத் துடைக்க, விசையை வாங்க, எழுத்துக்கு நிறம் கொடுக்க. உனக்கு வேண்டியது கணக்கு மட்டும்தான். அந்த இன்க்ளூட் வரியை எடுத்துவிடு. கிளியர்ஸ்கிரீன் செய்யும் சிஎல்ஆர்எஸ்சிஆர் வரும் இடங்களை அழித்துவிடு, கெட்ச் இருக்கும் இடத்தில் கெட்சார் போடு.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன், இது தெரிந்தால் பாதிப் பிழை உனக்கே புரிந்துவிடும். கம்பைல் என்று ஒரே வார்த்தையாகச் சொல்கிறோமே தவிர, உள்ளே நான்கு பேர் வேலை செய்கிறார்கள். முதல் ஆள் பிரிபிராசசர். சி தெரியாதவர், வெறும் வெட்டி ஒட்டுகிறவர், இன்க்ளூட் என்று பார்த்தால் அந்தக் கோப்பை அப்படியே கொண்டுவந்து அந்த இடத்தில் ஒட்டுவார், டிஃபைன் என்று பார்த்தால் மாற்றி எழுதுவார். நீ இப்போது விழுந்தது அவர் கையில். இரண்டாவது ஆள்தான் உண்மையான கம்பைலர், உன் சியைப் படித்து அசெம்பிளியாக (இயந்திரக் கட்டளைகளின் எழுத்து வடிவம்) மாற்றுகிறவர். அரைப்புள்ளி இல்லை, மாறியை அறிவிக்கவில்லை என்றெல்லாம் திட்டுவது இவர். மூன்றாவது அசெம்பிளர், அதை இயந்திர எண்ணாக மாற்றி டாட் ஓ கோப்பாகப் போடுவார், இவரோடு உனக்குச் சண்டையே வராது. நான்காவது லிங்கர், எல்லா டாட் ஓக்களையும் நூலகத்தையும் கோத்து ஓடக்கூடிய ஒரே கோப்பாக்குகிறவர்.

சந்தேகமா, நீயே பார்க்கலாம். ஜிசிசிக்குப் பிறகு ஒரு கோடு, பெரிய ஈ போட்டால் முதல் ஆள் முடித்ததும் நின்றுவிடும். உன் இருநூறு வரி எத்தனை வரியாகப் பெருகியிருக்கிறது என்று பார், சிரிப்பு வரும். கோடு பெரிய எஸ் போட்டால் அசெம்பிளியோடு நிற்கும். கோடு சின்ன சி போட்டால் டாட் ஓ வரை.

பிழை வந்தால் எப்போதும் முதலாவதைப் படி. கடைசிப் பிழை பெரும்பாலும் முதல் பிழையின் பேரன்.

ஒட்டுப்பால் · சனி இரவு 9:22

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வடிகட்டுவது, உறைய வைப்பது, ஷீட் அடிப்பது, புகைக்கூண்டில் ஏற்றுவது.

செம்பனைக்காடு · சனி இரவு 9:24

ஆசிட் எங்கே ஊற்றுவது?

ஒட்டுப்பால் · சனி இரவு 9:25

உன் தலையில்.

தமிழ்க்கணிமை_ரசிகன் · சனி இரவு 9:47

இடையில் ஒரு ஐயம். கம்பைலருக்குத் தமிழில் தொகுப்பி என்று எழுதுகிறோம். அக்கா சொன்னதைப் பார்த்தால் உண்மையில் தொகுக்கிறவர் நான்காவது ஆளான லிங்கர் அல்லவா? இரண்டாவது ஆள் மொழிபெயர்ப்பாளர். பெயரை மாற்றிக் கட்டிவிட்டோமோ?

கிராணி_மகள் · சனி இரவு 9:55

நல்ல கேள்வி, ஆனால் அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இல்லாவிட்டால் பையன் வேலை முடிவதற்குள் நாம் கலைச்சொல் மாநாடு நடத்திக்கொண்டிருப்போம்.

லயத்துப்பையன் · ஞாயிறு காலை 11:05

காலையில் காட்டுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னபடி கானியோவை எடுத்தேன். இப்போது இரண்டு புதுப் பிழை. மெயின் கட்டாயம் இன்ட் திருப்பித் தர வேண்டும் என்கிறது, பெரியப்பா வாய்ட் மெயின் என்று எழுதியிருக்கிறார். அப்புறம் கடைசி வரியில், வழிதவறிய பின்சாய்கோடு 32 என்கிறது. கடைசி வரியில் ஒன்றுமே இல்லை! வெறும் வரி!

பழைய_டர்போ · ஞாயிறு காலை 11:40

ஆகா, இது என் காலத்துப் பேய். அந்த 32 பதின்ம எண் இல்லை தம்பி, எண்ம எண். மூன்று எட்டு 24, கூட 2, ஆக 26. 26 என்பது கன்ட்ரோல் இசட். டாஸில் சில எடிட்டர்கள் கோப்பு முடிந்தது என்று சொல்ல இந்த எழுத்தைக் கடைசியில் போடும், இரண்டு கோப்பை காப்பி கட்டளையால் ஒட்டினாலும் டாஸ் அதைப் போட்டுவிடும். பெரியப்பா அப்படி ஏதோ ஒட்டியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாது. கடைசி வரியை முழுசாக அழித்துச் சேமி.

வாய்ட் மெயின் விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஜிசிசி சியில் அதற்கு எச்சரிக்கை தருமே தவிர நிறுத்தாதே?

கிராணி_மகள் · ஞாயிறு காலை 11:52

தம்பி, கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறதா? பெயருக்குப் பிறகு வரும் சி, அது பெரிய சியா?

லயத்துப்பையன் · ஞாயிறு காலை 11:54

ஆமாம் அக்கா. எல்லாமே பெரிய எழுத்து.

கிராணி_மகள் · ஞாயிறு மதியம் 12:01

அதுதான். டாஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. ஜிசிசிக்கு அப்படி இல்லை. டாட்டுக்குப் பிறகு சின்ன சி என்றால் சி மொழி, பெரிய சி என்றால் சி பிளஸ் பிளஸ்! பெயரைப் பார்த்துத்தான் அது மொழியை முடிவு பண்ணுகிறது. உன் பெரியப்பாவின் சியை இதுவரை வேறு மொழி என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தது. எம்வி கட்டளையால் இரண்டு கோப்பையும் சின்ன எழுத்துக்கு மாற்று. வாய்ட் மெயினையும் இன்ட் மெயின் ஆக்கிவிடு, கடைசியில் ரிட்டர்ன் 0. அதுதான் முறை.

கையோடு இதையும் பழகிக்கொள்: ஜிசிசிக்குப் பிறகு ஒரு கோடு, பெரிய டபிள்யூ, சின்ன ஏ, எல், எல். எச்சரிக்கைகளை வெளியே கொண்டுவரும். எல்லா எச்சரிக்கையும் என்று பெயர், உண்மையில் எல்லாம் இல்லை, அதற்கு மேலேயும் நிறைய உண்டு.

லயத்துப்பையன் · ஞாயிறு மதியம் 12:48

பிழை என்ற வார்த்தை போய்விட்டது! எச்சரிக்கை மட்டும்தான். ஆனால் கடைசியில் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்று மூன்று வருகிறது. ஒன்று சிஎல்ஆர்எஸ்சிஆர், ஒன்று தலைப்பு_போடு, ஒன்று ஃப்ளோர். எக்ஸ்இ மாதிரி எதுவும் வரவில்லை.

ஒட்டுப்பால் · ஞாயிறு மதியம் 1:10

அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்றால் நான்காவது ஆள் கத்துகிறார். பெயர் தெரியும், ஆளைக் காணோம் என்கிறார். மூன்றும் மூன்று காரணம் என்று நினைக்கிறேன்.

சிஎல்ஆர்எஸ்சிஆரை ஓர் இடத்தில் அழிக்க மறந்திருக்கிறாய். உன்னிடம் இருக்கும் ஜிசிசி, அறிவிக்காத ஃபங்ஷனை எச்சரித்துவிட்டு, இருக்கும் என்று நம்பி விட்டுவிடுகிறது, லிங்கரிடம் போய்த்தான் குட்டு உடைகிறது. 2024இல் வந்த ஜிசிசி 14இலிருந்து அது நேரடிப் பிழையாகிவிட்டது. நல்ல காரியம்.

தலைப்பு_போடு அந்த இன்னொரு கோப்பில், உதவி டாட் சியில் இருக்கும். இரண்டு கோப்பையும் ஒரே கட்டளையில் அடுத்தடுத்துக் கொடு.

ஃப்ளோர், அதாவது பின்னத்தைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கும் ஃபங்ஷன், கணித நூலகத்தில் இருக்கிறது. டர்போ சி கேட்காமலே சேர்த்துக்கொள்ளும், லினக்ஸில் நாம்தான் சொல்ல வேண்டும்: கோடு, சின்ன எல், சின்ன எம். அதைக் கட்டளையின் கடைசியில் போடு. முன்னால் போட்டால் லிங்கர் அதை எடுத்துப் பார்த்து, இதுவரை யாரும் கேட்கவில்லையே என்று ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடும், பிறகு ஃப்ளோர் வேண்டும் என்று வரும்போது திரும்பி வராது. இதில் நான் ஒருமுறை அரை நாள் போக்கினேன், வெளியே சொன்னதில்லை.

அப்புறம், கோடு ஓ போட்டுப் பெயர் கொடு, இல்லையென்றால் ஏ டாட் அவுட் என்ற பெயரில் வரும். அசெம்பிளர் அவுட்புட் என்பதன் சுருக்கம் அது, யூனிக்ஸ் பிறந்த காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லயத்துப்பையன் · ஞாயிறு மதியம் 1:45

வந்துவிட்டது!! ஆனால் பால் என்று தட்டினால் கட்டளை இல்லை என்கிறது. அதே அடைவில்தான் நிற்கிறேன், எல்எஸ் போட்டால் கண்ணெதிரே தெரிகிறது.

செம்பனைக்காடு · ஞாயிறு மதியம் 1:47

புள்ளி, சாய்கோடு, பால். டாஸ் நின்ற இடத்தைத் தானே பார்க்கும், லினக்ஸ் பாத் பட்டியலில் உள்ள இடங்களை மட்டும்தான் பார்க்கும். புள்ளி சாய்கோடு என்றால் "இங்கேயே இருப்பதை ஓட்டு". (ஆமாம், நான் கோட்பிளாக்ஸ் ஆள்தான், அதற்காக இது தெரியாது என்று அர்த்தமில்லை.)

பழைய_டர்போ · ஞாயிறு மதியம் 2:05

கணக்குப் புரோகிராமில் ஃப்ளோர் எதற்கு என்று யோசித்தேன். 2008 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து ஒரு சென் நாணயத்தை நிறுத்தி, கடைப் பில்லை ஐந்து சென்னுக்குத் திருத்த ஆரம்பித்தார்களே, அதற்காகப் பிறகு சேர்த்திருப்பார் என்று நினைக்கிறேன். சோர்ஸில் குறிப்பு ஏதாவது இருக்கிறதா பார்.

லயத்துப்பையன் · ஞாயிறு மதியம் 2:20

இருக்கிறது ஐயா! அந்த வரிக்கு மேலே "ஒரு சென் ஒழிந்தது" என்று எழுதியிருக்கிறார். அதுவும் ஆங்கில எழுத்தில் தமிழ். நிறைய இடத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறார். ஒரு இடத்தில் "இங்கே கை வைக்காதே" என்று மட்டும் இருக்கிறது.

லயத்துப்பையன் · ஞாயிறு இரவு 9:30

ஓடுகிறது, ஆனால் எல்லாம் தப்பு. ரெகோட் கோப்பைத் திறந்து முதல் நாளைக் காட்டச் சொன்னால் வருஷம் கோடிக் கணக்கில் வருகிறது, எடை சைபருக்குப் பக்கத்தில் ஏதோ, விலை மைனஸில். டாஸ்பாக்ஸில் அதே கோப்பு சரியாகக் காட்டுகிறது. நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா? "இங்கே கை வைக்காதே" இடத்தில் கை வைக்கவில்லை, சத்தியமாக.

கிராணி_மகள் · ஞாயிறு இரவு 10:05

கெடுக்கவில்லை. இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பதிவின் வடிவத்தைச் சொல்லும் அந்த ஸ்ட்ரக்டில் என்னென்ன இருக்கிறது, வரிசையாகச் சொல். ரெகோட் கோப்பு எத்தனை பைட் என்பதையும்.

லயத்துப்பையன் · ஞாயிறு இரவு 10:14

நாள் சார், மாதம் சார், வருஷம் இன்ட், ஆள் எண் இன்ட், எடை ஃப்ளோட், டிஆர்சி இன்ட், விலை லாங், காரணம் சார். கோப்பு 62033 பைட்.

கிராணி_மகள் · ஞாயிறு இரவு 10:50

சரி, ஒரு பேப்பரை எடு.

டர்போ சியில் முழு எண்ணுக்கான இன்ட் 2 பைட், லாங் 4 பைட். சிறு எண்ணுக்கான சார் 1, பின்ன எண்ணுக்கான ஃப்ளோட் 4. கூட்டு: 1, 1, 2, 2, 4, 2, 4, 1. மொத்தம் 17. 62033ஐ 17ஆல் வகுத்தால் 3649, மீதமே இல்லை. ஆக உன் பெரியப்பா 3649 பதிவுகளை இடைவெளி விடாமல் அடுக்கியிருக்கிறார். கோப்பு சுத்தமாக இருக்கிறது.

இப்போது உன் 64 பிட் லினக்ஸில் அதே ஸ்ட்ரக்ட். இன்ட் 4, லாங் 8. அதோடு ஜிசிசி ஒவ்வொன்றையும் அதனதன் அளவுக்கு ஒத்த முகவரியில் உட்கார வைக்க நடுவே காலி பைட் விடும். இரண்டு சாருக்குப் பிறகு 2 காலி, லாங்குக்கு முன்னால் 4 காலி, கடைசி சாருக்குப் பிறகு 7 காலி. மொத்தம் 40. நீ 17 பைட் பெட்டியை 40 பைட் அளவுகோலால் அளந்து படிக்கிறாய், பின்னே வருஷம் கோடியில் வராமல் என்ன செய்யும்.

சி மொழி இன்ட் இத்தனை பைட் என்று கறாராகச் சொன்னதே இல்லை. குறைந்தது இவ்வளவு என்றுதான் சொல்லும். அதனால் கோப்பில் எழுதிப் படிக்கும்போது அளவைப் பெயரிலேயே சொல்லும் வகைகளைப் பயன்படுத்த வேண்டும். எஸ்டிடிஇன்ட் டாட் எச் சேர்த்துக்கொள். இன்ட் எல்லாம் இன்ட்16_டி, லாங் இன்ட்32_டி. ஸ்ட்ரக்டின் கடைசியில் பேக்டு என்ற ஆட்ரிபியூட் போடு, காலி பைட் விடாது. எழுதி முடித்ததும் சைஸ்ஆஃப் போட்டு அச்சடி. 17 வந்தால்தான் மேலே போ, வராவிட்டால் இங்கே வா.

பிறகு மதியம் சொன்ன கோடு டபிள்யூ ஏ எல் எல் போட்டுக் கம்பைல் பண்ணினால், பிரின்ட்எஃப்பில் லாங் என்று சொல்லியிருக்கிறாய் ஆனால் கொடுத்தது வேறு என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் பார்த்துத் திருத்து. எச்சரிக்கைதானே என்று தள்ளிவிட்டால் விலை மறுபடி கோணலாக வரும்.

ஒட்டுப்பால் · ஞாயிறு இரவு 11:02

எங்கேயாவது கெட்ஸ் இருக்கிறதா? இருந்தால் லிங்கரே "ஆபத்தானது, பயன்படுத்தாதே" என்று சொல்லும். எத்தனை எழுத்து வரும் என்று பார்க்காமல் வாங்கிக்கொண்டே போகும் ஃபங்ஷன் அது. 1988 நவம்பரில் இணையத்தையே படுக்க வைத்த மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இந்தக் கெட்ஸ்தான். 2011 சி தரத்தில் அதைத் தூக்கியே விட்டார்கள். எஃப்கெட்ஸ் போடு.

லயத்துப்பையன் · திங்கள் மாலை 5:15

17 வந்தது!!! முதல் பதிவு 1996 ஆகஸ்ட், 41.5 கிலோ. டாஸ்பாக்ஸில் இருப்பதும் அதுவே.

ஆனால் பணம் மட்டும் எல்லா வரியிலும் 0.00. எச்சரிக்கையும் எதுவும் இல்லை.

பழைய_டர்போ · திங்கள் மாலை 5:22

பணம் கணக்கிடும் வரியை அப்படியே சொல்.

லயத்துப்பையன் · திங்கள் மாலை 5:25

எடை, பெருக்கல், அடைப்புக்குறிக்குள் டிஆர்சி வகுத்தல் 100, பெருக்கல், அடைப்புக்குறிக்குள் விலை வகுத்தல் 100. அடைப்புக்குறி நான் போட்டது, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. பெரியப்பா போடாமல் விட்டிருந்தார்.

பழைய_டர்போ · திங்கள் மாலை 5:33

அதுதான் அவர் கை வைக்காதே என்று சொன்ன இடமோ?

டிஆர்சி முழு எண், 100ம் முழு எண். சியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். 52 வகுத்தல் 100 என்றால் 0. சைபரோடு எதைப் பெருக்கினாலும் சைபர். பெரியப்பா எழுதியபடி இடமிருந்து போனால் முதலில் எடை பெருக்கல் டிஆர்சி, எடை ஃப்ளோட் என்பதால் அதற்கப்புறம் எல்லாமே ஃப்ளோட், வகுத்தாலும் பின்னம் நிற்கும். மனிதர் தெரிந்தேதான் அடைப்புக்குறி போடாமல் விட்டிருக்கிறார். இதற்குக் கம்பைலர் எச்சரிக்காது, ஏனென்றால் சட்டப்படி தப்பே இல்லை. அழகுக்கு வேண்டுமானால் 100.0 என்று போடு.

லயத்துப்பையன் · திங்கள் மாலை 5:41

ஆமாம் ஐயா. அந்த வரிக்கு மேலேதான் அது எழுதியிருக்கிறது. மூன்று வரி தள்ளி இருந்ததால் வேறு எதற்கோ என்று நினைத்தேன்.

பணம் வருகிறது.

லயத்துப்பையன் · செவ்வாய் இரவு 8:30

ஒவ்வொரு தடவையும் அவ்வளவு நீளக் கட்டளையைத் தட்ட முடியவில்லை, கட்டளைகளை எழுதி வைக்கும் மேக் கோப்பு எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வரியில் பிரிப்பான் காணவில்லை, நிற்கிறேன் என்கிறது. பத்து தடவை பார்த்துவிட்டேன், எழுத்துப் பிழை இல்லை.

ஒட்டுப்பால் · செவ்வாய் இரவு 8:31

டேப்.

கிராணி_மகள் · செவ்வாய் இரவு 8:40

அவர் சொல்வது, கட்டளை வரியின் தொடக்கத்தில் எட்டு இடைவெளி இல்லை, ஒரு டேப் விசை. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் பெல் ஆய்வகத்தில் மேக் எழுதியபோது அப்படி வைத்தார். தப்பு என்று தெரிவதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்களாம், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக நாம் எல்லோரும் இன்னும் அழுகிறோம்.

செம்பனைக்காடு · செவ்வாய் இரவு 8:44

எஃப்9இல் இந்தப் பிரச்சினை இல்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

லயத்துப்பையன் · புதன் மாலை 6:10

டேப்தான். நன்றி. ஒரே வார்த்தை, மேக், எல்லாம் கட்டிவிடுகிறது. ஒரு கோப்பை மட்டும் மாற்றினால் அதை மட்டும் திரும்பக் கம்பைல் பண்ணுகிறது.

தலைப்பைத் தமிழில் போடலாம் என்று பார்த்தேன். தோட்டம், எடை, பணம் என்று எழுதினால் திரையில் வருகிறது, ஆனால் பத்தி எல்லாம் கோணல். பிரின்ட்எஃப்பில் அகலம் கொடுத்திருக்கிறேன்.

தமிழ்க்கணிமை_ரசிகன் · புதன் மாலை 6:35

இது என் பகுதி! எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். தோட்டம் என்பது நமக்கு நான்கு எழுத்து: தோ, ட், ட, ம். யூனிகோடில் ஏழு குறி, ஏனென்றால் ஓகாரக் குறியும் இரண்டு புள்ளிகளும் தனித்தனி. ஏழு மூன்று 21 பைட். நீளம் சொல்லும் எஸ்டிஆர்லென்னைக் கேட்டால் 21 என்றுதான் சொல்லும், பிரின்ட்எஃப்பும் அகலத்தைப் பைட்டாகத்தான் எண்ணும். பத்து என்று அகலம் கொடுத்தால் ஏற்கெனவே தாண்டிவிட்டது என்று இடைவெளியே விடாது. நீ எக்செல்லுக்குத்தானே கொண்டுபோகிறாய், அகலத்தை விட்டுவிட்டு நடுவே காற்புள்ளி போட்டு சிஎஸ்வியாக எழுது. கோப்பின் தொடக்கத்தில், இது யுடிஎஃப்-8 என்று அடையாளம் காட்டும் பிஓஎம் என்ற மூன்று பைட்டையும் எழுதிவிடு, அப்போதுதான் எக்செல் தமிழைக் குதறாமல் திறக்கும்.

லயத்துப்பையன் · வியாழன் இரவு 9:05

சிஎஸ்வி வந்துவிட்டது, எக்செல்லில் திறந்தது. 3649 வரி. அப்பாவுடையதை மட்டும் வடிகட்டினேன்.

ஒரு சந்தேகம் மட்டும். 1999 நவம்பரில் தொடர்ந்து ஒன்பது நாள் எடை 0, டிஆர்சி 0, பணம் 0. மறுபடி அந்த வகுத்தல் பிழையா? மற்ற மாதங்கள் சரியாக இருக்கின்றன. காரணம் என்ற இடத்தில் அந்த ஒன்பதுக்கும் 2 இருக்கிறது.

கிராணி_மகள் · வியாழன் இரவு 9:12

எடை கோப்பிலிருந்து நேராக வருவது, அதில் வகுத்தலே இல்லை. சோர்ஸில் காரணம் 2 என்றால் என்ன என்று எழுதியிருக்கிறாரா?

லயத்துப்பையன் · வியாழன் இரவு 9:31

ஸ்ட்ரக்டுக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். 1 காய்ச்சல், 2 மழை, 3 கல்யாணம்.

அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆமாம், அந்த தீபாவளிக்கு அண்ணன்தான் காசு கொடுத்தார் என்றார்.

பழைய_டர்போ · வியாழன் இரவு 9:40

இழையைத் தீர்ந்தது என்று போட்டுவிடவா தம்பி?

லயத்துப்பையன் · வியாழன் இரவு 9:44

போடாதீங்க ஐயா. பெரியம்மா இன்னொரு டிஸ்க்கெட் பெட்டி எடுத்து வந்திருக்கிறார். பதினொரு டிஸ்க்கெட். இதைப் படிக்கிற டிரைவ் சுங்கை சிப்புட்டில் யாரிடமாவது இருக்கிறதா, ஈப்போ வரை வேண்டுமானாலும் வருகிறேன்.